நூலகர் பட்டியலும் கதையின் ஈர்ப்பும்

அமெரிக்கப் பொது நூலகங்களில், படிப்போர்க்கு ஏற்ற கதைநூலைத் தெரிந்து கூறுதல் நூலகர்க்குரிய தனிப்பணியாகும். அப்பணி குறித்து நூலகர்களான சாரிக்ஸ், பிரௌன் இருவரும் 1989-இல் வெளியிட்ட நூல், கதையின் விரைவு, மாந்தர் படைப்பு, நிகழ்ச்சிக் கோப்பு, பின்னணி என்பவற்றையே ஈர்ப்புக்குக் காரணமாகக் கூறும். 'பன்முகப் புனைகதை' எனத் தலைப்பிட்ட பட்டியல்களிலோ ஆசிரியர்தம் பிறப்பே முன்னிற்கிறது. இஃது அந்நூல்களுக்கு இழைக்கும் குறை என்பது எம் கருத்து.

பெவர்லி ஜென்கின்ஸ் எழுதிய 'இண்டிகோ' (1996) ஒரு காதற்கதை. அடிமைகளைத் தப்புவிக்கும் மறைவழி இயக்கம் அதன் களம். இளமையில் அடிமையாய் அவுரித் தொழிலில் உழன்ற தலைவியின் கைகளில் அச்சாயம் அழியாது நிற்கிறது. காதலன் பற்றும் கையே அடிமை வாழ்வுக்கும் சான்றாகிறது. இதனினும் சிறந்த பரிந்துரை வேறு வேண்டுமோ?

மிகுகற்பனைக் கதைகளுள் என்.கே. ஜெமிசினின் 'ஐந்தாம் பருவம்' (2015) கருதத்தக்கது. அதன் முத்தொகுதி நூல்கள் மூன்றும் 2016 முதல் 2018 வரை ஆண்டுதோறும் ஹியூகோ பரிசு பெற்றன. கதையின் ஒரு கூறு 'நீ' என முன்னிலையில் நடக்கிறது. இதனை வெறும் உத்தி என்பார் உளர். மகனைப் பறிகொடுத்த தாய் தன்னை 'நான்' எனக் கூறமாட்டாத நிலை அது என யாம் கொள்வோம்.

தனிப்பட்டியல் வேண்டும் என்பார் கூற்றையும் எளிதில் தள்ளுதற்கில்லை. அமெரிக்கக் காதற்கதை எழுத்தாளர் சங்கம் 1982 முதல் வழங்கிய பரிசு, 2019-இல்தான் கறுப்பின எழுத்தாளரை முதன்முதல் அடைந்தது. ஆகவே பட்டியல் இருக்கட்டும். பெயரின் அருகே சாயம் படிந்த கையும், 'நீ' என்னும் விளியும் எழுதப்படுக.