பிறவிப் பேராசைக்காரர்கள்

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1995இல் வந்த ‘லிட்டில் கிரீன் மென்’ பகுதியைப் பார்த்தேன். நகைச்சுவைதான். ஃபெரெங்கி இனத்து மதுக்கடை முதலாளி குவார்க், தம்பி ரோம், ரோமின் மகன் நாக் மூவரும் கப்பல் கோளாறில் காலம் பின்னோடி 1947 ராஸ்வெல்லில் வந்து விழுகிறார்கள். ராணுவம் அடைத்து வைக்கிறது. குவார்க்கோ, இவங்ககிட்ட எதை விற்கலாம்னு கணக்குப் போடுகிறான்.

இந்தத் தொடர் உலகில் ஃபெரெங்கி என்றாலே பேராசை. ஒருவனுக்கல்ல, இனத்துக்கே. பெரிய காது, கோணல் பல், எந்நேரமும் லாபம். ஐரோப்பா யூதர்களைப் பற்றிக் கட்டிவிட்ட கேலிச்சித்திரத்தின் சாயல் இது என்று விமர்சகர்கள் சொன்னதுண்டு. சரியாகத்தான் சொன்னார்கள். பிறப்போடு குணத்தை ஒட்டவைத்துச் சிரிக்கிற வேலை நமக்குத் தெரியாததா என்ன?

ஆனால் இங்கே பார்வை திரும்புகிறது. காசு கொடுத்துப் புகையிலை நஞ்சை வாங்கி ஊதுகிறவர்களை, தன் பூமியிலேயே அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறவர்களைக் கண்டு பேராசைக்காரனே திகைக்கிறான். வாய்விட்டுச் சிரித்தேன்.

உறுத்துவது ரோம் விஷயம். அண்ணன் கடையில் கூலிக்கு நிற்கிறவன். கப்பலின் கோளாறும் அறிவியலும் அவனுக்குத்தான் தெரிகிறது. இந்த மடையனுக்கு இவ்வளவு தெரியுதேன்னு குவார்க் வியக்க, உழைக்கிறவன் அறிவையும் ஒரு சிரிப்பாக்கிவிடுகிறார்கள்.

பயணம் கிளம்பியதே நாக்கைப் பூமியில் விண்படைக் கல்லூரியில் சேர்க்கத்தான். அங்கே போகிற முதல் ஃபெரெங்கி அவன். கடைசியில் குவார்க் கப்பலைக் காயலாங்கடைக்குப் போட்டு ஊர் திரும்புகிறான். பையன் படிக்கப் போய்விடுகிறான்.