கருவியும் கையும்: மலையகப் படிமங்கள் பற்றிய ஒரு நோக்கு

புதிய தொழில்நுட்பம் கலையை வளர்க்குமா, அழிக்குமா என்னும் வினா ஒவ்வொரு கருவியின் வருகையோடும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. யந்திரப் பிரதியாக்கத்தினால் மூலப்படைப்புக்கேயுரிய ஒளிவட்டம் மங்குகிறது என்றும், அதே வேளை கலை வெகுசனங்களை நெருங்குகிறது என்றும் ஜெர்மானியச் சிந்தனையாளரான வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளிவந்த தமது கட்டுரையில் வாதித்தார். இவ்வாதத்தோடு, கருவி எவர் கையில் உள்ளது, எவர் அதன்முன் நிறுத்தப்படுகிறார் என்பதையும் சேர்த்து நோக்குதல் தகும். கண்டியும் அதனைச் சூழ்ந்த மலையகமும் இதற்குரிய சான்றுகளைத் தருகின்றன.

கட்டுகஸ்தோட்டையில் யானைகள் மகாவலியில் நீராடும் காட்சி, ஆங்கிலேயராட்சிக் காலத் தபாலட்டைகளில் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமும் அவ்வாறே கடல் கடந்தது. ஊரின் பெயர் தலைப்பிலே இடம்பெற்றது. பாகனின் பெயருக்கோ கொழுந்து பறித்தவளின் பெயருக்கோ அங்கு இடமிருக்கவில்லை. அவர்கள் நிலக்காட்சியின் ஓர் உறுப்பாகவே கொள்ளப்பட்டனர்.

இக்குறை வணிகப் புகைப்படக்காரருக்கு மட்டும் உரியதன்று. உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்ட முறையில், கண்ணாடித் தகட்டின் ஈரம் உலருமுன் படம்பிடித்துத் துலக்குதல் வேண்டும். படம்பிடிக்கப்படுபவர் பல வினாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலே டார்வினும் தெனிசனும் பெயரோடு நிற்கின்றனர். இலங்கையில் எடுத்த படமொன்றின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற அளவில் அமைகிறது. முகங்களின் கம்பீரத்தை அவரது வில்லை கண்டுகொண்டது, பெயர்கள் பதிவாகவில்லை.

இன்று கருவி கைமாறியுள்ளது. லயத்துப் பிள்ளையின் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டபோது, நடந்தவர்களே தம்மைப் படம்பிடித்துப் பரப்பவும் முடிந்தது. ஆயினும், கருவி கைக்கு வந்தவுடன் பார்வையும் வந்துவிடும் எனக் கருதுதல் பொருந்தாது. பனிமூட்டம், பச்சைச் சரிவு, புன்னகை என்னும் பழைய தபாலட்டையின் அழகியலையே நம் இளைஞர் பலரும் தம்மையறியாமற் பின்பற்றுகின்றனர்.

செயற்கை நுண்ணறிவு இந்நிலையை மேலும் சிக்கலாக்குகிறது. 2022 முதற் பரவலான பட உருவாக்க யந்திரங்கள், கோடிக்கணக்கான படங்களிலிருந்தும் அவற்றின் தலைப்புக்களிலிருந்தும் கற்றவை. எது அதிகம் படம்பிடிக்கப்பட்டதோ அதுவே அவற்றுக்கு இயல்பாகத் தோன்றும். தேயிலைத் தோட்டத்தை வரையுமாறு கேட்டால் விளம்பரப் பெண்ணே முதலில் வருதல் இதனாலேயே எதிர்பார்க்கத்தக்கது. அட்டைக் குருதி உறிஞ்சிய காலும், ஒழுகும் லயக் கூரையும், மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நிற்பவளின் முகமும் போதியளவு பதிவாகாதவிடத்து, யந்திரத்தின் கற்பனையில் அவற்றுக்கு இடமேது?

ஆகவே யந்திரத்தைப் பழிப்பதும் போற்றுவதும் திறனாய்வாளனின் முதற்கடமை ஆகா. தோட்டத்து மக்கள் தாமே எடுத்த படங்களை, படத்திலுள்ளோர் இசைவுடனும் பெயருடனும் திரட்டிப் பேணும் பணி பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் முன் இருக்கிறது. அப்பணி தாமதிக்குமாயின், நாளைய யந்திரமும் நேற்றைய தபாலட்டையையே நமக்கு வரைந்து காட்டும்.