காட்டுச்சேவலின் கழுத்து இறகு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் விடியலில் குரல் கொடுக்கும் சாம்பல் காட்டுக்கோழியைத் தூண்டில்காரர்கள் உலகெங்கும் அறிவார்கள். காரணம் சேவலின் கழுத்து இறகு. அதன் நடுத்தண்டு ஆங்காங்கே அகன்று, பளபளக்கும் சிறு தகடாகிறது. வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். நனைந்தாலும் மங்காது. சால்மன் மீனுக்காக ஸ்காட்லாந்தில் பேர்பெற்ற 'ஜாக் ஸ்காட்' என்னும், தூண்டில் முள்ளில் இறகு கட்டிச் செய்யும் பொய் ஈயின் கன்னத்தில் இருப்பது இந்த இறகுதான். மீனுக்கு அது குஞ்சு மீனின் கண்ணாகத் தெரியும் என்பது கட்டுபவர்களின் கணக்கு. எனக்கோ, மீன் கடிக்காவிட்டாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைக்குக் காவல், மிகச் சரி. பிரிட்டனில் கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகுகளை வைத்துக் கட்டுகிறார்கள்.

நீர்மேல் மிதக்கும் ஈ கட்ட வீட்டுச் சேவலே போதும். கழுத்து இறகை நூலால் முள்ளின் தண்டில் இறுக்கிச் சுற்றினால், இழைகள் சக்கரத்தின் ஆரங்களாய் நாலாபக்கமும் விறைத்து நிற்கும். அந்த நுனிகள் நீர்ப்பரப்பைக் கிழிக்காமல் முள்ளைத் தாங்கும். இளஞ்சேவலின் இறகில் அந்த விறைப்பு போதாது. பெட்டையின் இறகோ மெத்தென்று நீரை உறிஞ்சி அமிழ்ந்துவிடும்.