லெய்லாவின் நீச்சல் குளம்

'லெய்லா' தொடரின் முதல் பகுதியை நான் பார்த்தது 2019 ஜூனில், அம்பத்தூரில் எங்கள் வீட்டில், ராத்திரி ஒன்றரை மணிக்கு. தூக்கம் வராமல் பார்க்கவில்லை. மெட்ரோ வாட்டர் லாரி எந்த நேரத்திலும் தெருமுனைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவும் நானும் முறைவைத்து விழித்திருந்தோம். என் முறை வந்தபோது கைப்பேசியில் இதைப் போட்டேன். முதலில் திரையில் வந்தது ஒரு நீச்சல் குளம். நீலத் தண்ணீரில் ஒரு தாய், தகப்பன், சிறு மகள். அந்த ராத்திரியில் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அது பொறாமைதான் என்று பிறகு புரிந்தது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரயாக் அக்பரின் நாவலை வைத்து நெட்ஃபிளிக்ஸ் எடுத்த ஆறு பகுதித் தொடர் இது. முதல் பகுதியை இயக்கியவர் தீபா மேத்தா. கதை 2040களின் இறுதியில் நடக்கிறது. நாட்டின் பெயர் ஆர்யவர்த்தா. நகரம் சமூகம் சமூகமாகச் சுவர் எழுப்பிப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காற்று விஷம். தண்ணீர் பணக்காரர்களுக்கு மட்டும். ஷாலினி ஓர் இந்துப் பெண், அவள் கணவன் ரிஸ்வான் முஸ்லிம். குளத்தில் இருக்கும்போதே அடியாட்கள் உள்ளே புகுகிறார்கள். ரிஸ்வான் கொல்லப்படுகிறான், ஷாலினியை இழுத்துப்போகிறார்கள், மகள் லெய்லா காணாமல் போகிறாள். இரண்டு வருடம் கழித்து ஷாலினி ஒரு 'மகளிர் விடுதலை மைய'த்தில் இருக்கிறாள். பெயர்தான் விடுதலை. வேறு சமூகத்தில் மணந்த பெண்களைத் 'தூய்மைப்படுத்தும்' முகாம் அது. தினமும் மாத்திரை, பிறப்பே விதி என்ற முழக்கம், கடைசியில் ஒரு தூய்மைத் தேர்வு.

ஹூமா குரேஷியின் முகத்தில் அந்த இரண்டு வருடம் தெரிகிறது. மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கடியில் ஒளிப்பது என்ற பழகிப்போன காட்சியைக்கூட அவரால் புதிதாக்க முடியும் என்று நினைக்கிறேன். 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' தொடரின் நிழல் இதில் விழுந்திருப்பதாக அப்போது பலரும் எழுதினார்கள். விழுந்திருக்கிறதுதான். ஆனால் கருப்பையைச் சாதியின் எல்லைக்கோடாக ஆக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்ய நமக்கு கனடாவிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் 2016 மார்ச்சில், பட்டப்பகலில், கௌசல்யாவின் கண் முன்னால் சங்கர் வெட்டப்பட்டார். அதை ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலம் கேமராப் பதிவில் பார்த்தது. ரிஸ்வான் விழும் காட்சியில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பதிவுதான். இந்த இடத்தில் தொடர் பொய் சொல்லவில்லை.

என் சிக்கல் குளத்தோடு. அதைக் கிளப்பியவள் ஒரு மாணவி. தொடர் வந்த சில மாதங்களுக்குப் பிறகு, பெண்ணியமும் அறிவியல் புனைவும் என்று ஒரு வகுப்பு எடுக்கும்போது இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் வழக்கம்போலத் தாய்மை, அரசு, உடல் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண், கடைசி பெஞ்சு, கையைத் தூக்காமலே கேட்டாள்: "மிஸ், அந்தக் குளத்துக்குத் தண்ணி யாரு கொண்டாந்து ஊத்துனாங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஜூன் மாதம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் கிடந்தன. பூந்தமல்லிக்குப் பக்கத்திலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி 2015 வெள்ளத்தில் ஊரையே பயமுறுத்தியது. நான்கே வருடத்தில் அதன் தரை வெடித்துக் கிடந்தது. ஆவடி மாநகராட்சியானதும் அதே ஜூனில்தான். பெயர்ப்பலகை மாறியது, குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் தெருவில் பச்சை, ஆரஞ்சு, நீலக் குடங்கள் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. ஆட்கள் என்றால் பெண்கள். லாரியின் ஹோஸ் பைப்பை யார் பிடிப்பது என்பதில் சண்டை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு எத்தனை குடம் என்பதில் சண்டை. தண்ணீர் இல்லாததால் கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது பெரிய செய்தியாக வந்தது. ராத்திரி முழுக்க வரிசையில் நின்றுவிட்டுக் காலையில் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போன பெண்களைப் பற்றி அவ்வளவாக வரவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் காட்சியைப் பாருங்கள். தண்ணீர் அங்கே ஷாலினியின் செல்வத்துக்கு அடையாளம், அவ்வளவுதான். அது பறிபோகும் மகிழ்ச்சியின் நிறம். குளத்துக்குத் தண்ணீர் வந்த வழியில் எத்தனை பேருடைய குடம் காலியானது என்ற பக்கம் கேமரா திரும்புவதில்லை. குளத்தை விட்டு முகாமுக்குப் போனதும் கதை தூய்மையைப் பற்றியதாகிவிடுகிறது. தண்ணீர் ஒரு கதை, தீட்டு இன்னொரு கதை.

இந்த மண்ணில் அவை இரண்டு கதைகளா? 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது எதற்காக? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. நம் ஊரில் யார் தூய்மை, யார் தீட்டு என்று முதலில் எழுதிவைக்கப்படுவது தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரைச் சுமப்பவள் பெண் என்பதால், அந்த எழுத்து முதலில் விழுவது அவள் இடுப்பில். தீட்டை மையமாக வைத்த ஒரு தொடர், தண்ணீர்ப் பஞ்சத்தைப் பின்னணியாக வைத்த ஒரு தொடர், இரண்டையும் கோக்கும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டிருக்கிறது. சுவர்களுக்கு வெளியே குப்பை மேட்டடியில் வாழ்பவர்களைத் தொடர் 'தூஷ்' என்கிறது. அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள்.

தீபா மேத்தா இதை அறியாதவர் என்று சொல்ல மாட்டேன். 'வாட்டர்' என்றே ஒரு படம் எடுத்தவர். வாரணாசியில் படப்பிடிப்பை நடத்தவிடாமல் விரட்டியதால் இலங்கைக்குப் போய் அதை முடித்தார். கைம்பெண்களின் வாழ்க்கையில் கங்கையும் தீட்டும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அதில் காட்டியவர். இங்கே ஒரு தாயின் தேடலை விரட்டும் த்ரில்லரின் அவசரம் அவரைத் தின்றுவிட்டது என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சொந்த வீடு, போர் இருக்கிறது. அந்த ஜூனிலும் அதிகாலையில் அரை மணி நேரம் கலங்கலாக வந்துகொண்டுதானிருந்தது. அதைத் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. லாரிக்கும் காத்திருந்தோம். லாரித் தண்ணீரைத் தெருமுனையிலிருந்து வீட்டுத் தொட்டிக்குச் சுமந்தவர் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவர் தெருவில் ராத்திரி நின்றுவிட்டு, விடிந்ததும் எங்கள் குடங்களைத் தூக்க வருவார். ஒருநாள் காலையில் அம்மாவிடம் கேட்டார்.

"ரெண்டு கொடம் போர் தண்ணி எடுத்துக்கட்டுமாம்மா? பையனுக்கு ஒடம்பு சரியில்ல."

"எடுத்துக்கலாம் கண்ணு, ஆனா உனக்குக் குடுத்தா மாடியில இருக்கறவங்களும் கேப்பாங்களே" என்றார் அம்மா.

நான் அடுத்த அறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டி 'லெய்லா'வின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாலினிக்காக அழுதுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. எழுந்து போகவில்லை.

தொடரில் ஷாலினி வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் சப்னா. முதல் பகுதியில் அவள் ஓரத்தில்தான் இருக்கிறாள். தொடரின் முடிவைச் சொன்னால் கோபிக்காதீர்கள்: லெய்லாவை வளர்ப்பது சப்னாதான், குழந்தை அவளைத்தான் அம்மா என்கிறது. தொடர் நமக்குத் தரும் கடைசி அதிர்ச்சி இதுதான். மகளைப் பறித்த அரசைவிட, வேலைக்காரி தாயானதே பெரிய திகில் என்பதுபோல இசை ஏறுகிறது. அந்த வீட்டில் லெய்லாவை ஏற்கெனவே யார் குளிப்பாட்டினார்கள், யார் சோறூட்டினார்கள் என்று முதல் பகுதி ஒரு காட்சி நின்று பார்த்திருந்தால் இந்த முடிவு வேறு மாதிரி கேட்டிருக்கும். ஷாலினியின் இழப்பு பொய் என்று சொல்லவில்லை. அவள் ஒருத்தியின் இழப்பை மட்டும் கணக்கெடுக்கும் பார்வையைத்தான் சொல்கிறேன். அந்தப் பார்வை எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் நாள் முழுக்கக் காட்டினார்கள், ஏதோ விண்கலம் இறங்குவதுபோல. அக்கா அதற்கு முந்தைய வாரமே வேலையை விட்டிருந்தார். இப்போது எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார். மார்க்கெட்டில் பார்த்தால் நின்று பேசுவோம். பையன் ஐடிஐ முடித்துவிட்டான் என்றார் போன முறை. அந்த இரண்டு குடத்தைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை.