உறுதிபூசுதலுக்குப் பிறகு

திருகோணமலை மாவட்டத்தில் 20 பேரை வரிசையாக நிறுத்தினால் அதில் ஒருவர்தான் கிறிஸ்தவர். 2012 குடிசன மதிப்பீட்டின் கணக்கு ஏறக்குறைய இதுதான். முஸ்லிம்கள் 40 வீதத்துக்கு மேல். மீதியில் பெரும்பங்கை இந்துக்களும் பௌத்தர்களும் அப்போது கிட்டத்தட்டச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஒருவருக்குள்ளும் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், புதிதாக எழுந்த செபக்கூடங்களைச் சேர்ந்தவர்கள் என்று பிரிவுகள் உண்டு.

இவ்வளவு சிறிய கூட்டம் தன் பிள்ளைகளை வெளியில் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தோடுதான் படிப்பிக்கும். எங்கள் ஆலயங்களில் நடக்கும் மறைக்கல்வியின் பலமும் பலவீனமும் அந்தப் பயத்திலிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம். உட்துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஒரு பங்கில் 11 வருடம் மறையாசிரியையாக இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். கத்தோலிக்க வகுப்புகளை உள்ளிருந்து அறிவேன். மெதடிஸ்த திருச்சபையின் ஞாயிறு பாடசாலையை அயலில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் ஞாயிறு வகுப்புக்கு இவ்வளவு பாரம் இருக்கவில்லை. புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தொடங்கியது. 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமானது. மெதடிஸ்த மிஷன் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தியது. 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனியும், அமெரிக்காவிலிருந்து வந்து அவரோடு உழைத்த இயேசுசபைக் குருக்களும் பாடசாலையையே மறைக்கல்வியின் இடமாக வைத்திருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளை குருவின் கண்முன்னே இருந்தது. செபம், படிப்பு, விளையாட்டு எல்லாம் ஒரே வளவுக்குள் நடந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாட்டின் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. ஐந்து நாள் பாடசாலை செய்த வேலை ஞாயிற்றுக்கிழமையின் ஒரு மணித்தியாலத்தில் வந்து விழுந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தை எப்படி வேறுவிதமாகப் பயன்படுத்துவது என்று ஆற அமர யோசித்ததாகத் தெரியவில்லை. பாடசாலையின் உருவத்தையே சிறிதாக்கி ஆலய மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்தோம். வகுப்பு, இடாப்பு, கரும்பலகை, வருட இறுதிப் பரீட்சை, பரிசளிப்பு.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியூர்க்காரருக்கு இது எளிதில் விளங்காது. இலங்கையில் ஒவ்வொரு பிள்ளையும் பாடசாலையில் தன் சமயத்தைப் படிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் அது பரீட்சைப் பாடம். கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் இன்னொரு பாடம். சட்டத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குச்சவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ ஒரு பாடசாலையில் தரம் 10இல் மூன்றே கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கென்று ஓர் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? சமயபாட நேரத்தில் அந்த மூவரும் நூலகத்திலோ மரத்தடியிலோ இருந்துவிட்டு வருவார்கள். அவர்களைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு ஞாயிறு வகுப்புக்கு வந்துவிடுகிறது. மறையாசிரியை கடந்தகால வினாத்தாள்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறாள். பிள்ளை 'ஏ' எடுக்கிறது, தாய் தகப்பன் சந்தோஷப்படுகிறார்கள். பாடசாலையில் தனித்துக் கிடந்த மூன்று பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூட்டமும் கிடைக்கிறது. இதை நான் சிறிய நன்மையாக நினைக்கவில்லை. ஆலயம் இந்த வேலையைச் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

கெடுதி மெதுவாகத்தான் தெரிந்தது. இயேசு செய்த முதல் அற்புதம் எது, எந்த ஊரில் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் எல்லாக் கைகளும் உயரும். ஒருநாள் ஒரு பையன் கையை உயர்த்தாமலே எழும்பி நின்று கேட்டான்: "ரீச்சர், குடிக்கக் கூடாதெண்டால் யேசு ஏன் தண்ணியை ரசமாக்கினவர்?" அவன் தகப்பன் துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர், சம்பள நாளில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது ஒழுங்கைக்கே தெரியும். நான் அவனை இருக்கச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இன்னும் இரண்டு அலகுகள் முடிக்க இருந்தன. 11 வருடத்தில் நான் செய்த பெரிய பிழை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்தப் பையனுக்கு விவிலியம் முதல் தடவையாகத் தன் வீட்டுக்குள் வந்திருந்தது. நான் அதை வெளியே அனுப்பினேன்.

இனி பலத்தைச் சொல்ல வேண்டும். இந்த வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். சம்பளம் கிடையாது. தங்கள் பணத்தில் வர்ணக் கடதாசி வாங்குவார்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் பின்னேரம் சைக்கிளில் போய் விசாரிப்பார்கள். போர்க்காலத்தில் இந்த ஊரில் பாடசாலை நின்றது, பஸ் நின்றது, மின்சாரம் நின்றது. மறைக்கல்வி முற்றாக நின்றதாக எனக்கு நினைவில்லை. 1990இல் ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்தபடி முதல் நன்மைக்கு ஆயத்தமான பிள்ளைகள் இன்று தாய்மாராக எங்கள் பங்கில் இருக்கிறார்கள். 2006இல் மூதூர் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் ஞாயிறு வகுப்பாக இருந்த மாதங்கள் உண்டு. பாடம் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு மறந்திருக்கும். தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அக்காவை மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டை நினைக்காமல் இருக்க முடியாது. லூசியானாவிலிருந்து வந்த இயேசுசபைக் குரு. திருகோணமலையிலும் பின்னர் மட்டக்களப்பிலும் மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையம் நடத்தியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தன்னோடு வந்த ஒரு தமிழ் இளைஞனோடு காணாமல் போனார். இருவரும் திரும்பவில்லை. அவரிடம் பழகியவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அவர் நடத்திய மறைப்பாடம் எதையும் அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. பந்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் காட்டியதையும், தோற்றுப்போன பின்னேரங்களில் கூட இருந்ததையும்தான் சொல்வார்கள். மைதானத்திலும் பட்டறையிலும் சைவப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை என்று அவர் பார்க்கவில்லை. எங்கள் இளையோர் பணிக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கையேடுகளைத் தேடத் தேவையில்லை.

அந்த முன்மாதிரி ஏன் தொடரவில்லை என்பதற்கு ஓரளவு விடை உறுதிபூசுதலில் இருக்கிறது. எட்டு, ஒன்பது வயதில் முதல் நன்மை. சில வருடம் கழித்து ஆயர் வந்து உறுதிபூசுதல். அதுவரை வகுப்புக்கு வராவிட்டால் அருட்சாதனம் தள்ளிப்போகும் என்ற கட்டாயம் இருக்கிறது. உறுதிபூசுதலன்று வெள்ளைச் சட்டையோடு படம் எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேரை அடுத்த தைமாத வகுப்பில் காண முடியாது. தூய ஆவியின் பலத்தோடு விசுவாச வாழ்வுக்குள் இறங்கும் நாளைப் பாடசாலை விடுகைப் பத்திரம் தரும் நாளாக மாற்றிவிட்டோம். ரியூசனைக் குற்றம் சொல்வது வழக்கம். ஞாயிறு முற்பகலில் தனியார் வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்று சமயத் தலைவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஏழு நாளும் படிக்கும் பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். ஆனால் தடை போட்டு ஒழித்துக் கொடுக்கும் அந்த முற்பகலிலும் நாங்கள் நடத்தப்போவது இன்னொரு ரியூசன் என்றால், பிள்ளை எதற்காக வர வேண்டும்?

தொடர்ந்து வருபவர்களுக்கு இளையோர் ஒன்றியம் இருக்கிறது. திருவிழாவுக்குப் பந்தல் போடுவது, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது, மார்கழியில் பாலன் குடில் கட்டுவது, கரோல் பாடி வீடு வீடாகப் போவது, ஒளிவிழா நடத்துவது எல்லாம் அவர்கள் தலையில். இந்த வேலைகளில் ஒரு கல்வி இருக்கிறது. கணக்கு எழுதவும் பத்துப் பேரை ஒன்றாக வேலை வாங்கவும் மூத்தவர்களோடு பேசவும் அங்கேதான் பலர் பழகினார்கள். ஆனால் ஒன்றியத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால் வருடம் முழுவதும் அடுத்த விழாவைப் பற்றிய பேச்சுத்தான். 2012இல் எங்கள் கரையிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் படகேற முயன்றார்கள். இன்று ஐஸ் போதைப்பொருள் ஒழுங்கைவரை வந்துவிட்டது. நுண்கடன் வாங்கிய தாய்மார் வாரத் தவணைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை. பெல்ஜியத்தில் கர்தினால் கார்டைன் இளம் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு: நிலைமையைப் பார், நற்செய்தியின் வெளிச்சத்தில் சீர்தூக்கு, பிறகு செயற்படு. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் வழியாக இது எங்கள் நாட்டுக்கும் வந்தது. துறைமுக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடத்திட்டம் எனக்குத் தெரியாது. மூன்று படிகளில் கடைசிப் படியை மட்டும் எங்கள் இளையோருக்குக் கொடுக்கிறோம்.

செபக்கூடங்களுக்குப் போகும் இளையோரைப் பற்றிப் பங்குகளில் கோபமாகப் பேசுகிறார்கள். கிற்றாரும் டிரம்ஸும்தான் இழுக்கின்றன என்கிறார்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் இசையைவிடப் பெரிய இழுப்பு ஒன்று இருந்தது: பத்துப் பேர் வட்டமாக இருந்து, இந்த வாரம் உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். அதே வட்டத்தில், பொங்கலுக்கு அயல்வீட்டுக்குப் போகாதே என்றும் சொன்னார்கள். முதலாவதை நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவது இந்த ஊரைப் பாழாக்கும்.

அயலவரைப் பற்றிய பாடத்தில்தான் எங்கள் மறைக்கல்வி மிகவும் தவறுகிறது. 2015இல் புனிதராக உயர்த்தப்பட்ட யோசேவ் வாஸ் அடிகளை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் பட்ட துன்பத்தையும் தெரியும். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததையும் அதன் கற்கள் கோட்டைக்குப் போனதையும் எந்த ஞாயிறு வகுப்பிலும் நான் படித்ததில்லை, படிப்பித்ததும் இல்லை. எங்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சிலுவை தாங்கிய கப்பலில் வந்தவர்கள் பக்கத்து வீட்டாருக்குச் செய்ததை விட்டுவிட்டோம். அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலையைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளை அந்தக் கதையை வேறொரு வாயால், கோபத்தோடு கேட்கிறது. அப்போது அதனிடம் பதில் இல்லை. சிங்களமும் தமிழும் வழங்கும் பங்குகளில் ஒரே ஆலயத்துப் பிள்ளைகள் இரண்டு மொழி வகுப்புகளில் இருந்து, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலே வளர்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடக மேடையில் சைவர்களையும் சேர்த்துக்கொண்டது. மேடையில் முடிந்தது வகுப்பறையில் ஏன் முடியாது?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுவே குண்டு வெடித்தது. எங்கள் வகுப்புகள் சில வாரம் நின்றன. மறுபடி தொடங்கியபோது வாசலில் ஆயுதத்தோடு காவல். பிள்ளைகளின் விவிலியப் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். முதல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "ரீச்சர், கிண்ணியா நானாட்ட இனி மீன் வாங்கலாமா?" பத்து வருடமாக அந்த வீட்டுக்கு மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி அவர். என்னிடம் இருந்த புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை. நல்ல சமாரியன் உவமையைப் பரீட்சைக்காகப் பலமுறை நடத்தியிருந்தேன். அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை. வாங்கலாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம்தான் சமாரியன் யார், யூதர் அவனை ஏன் வெறுத்தார்கள், குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களை யாருடைய கை கட்டியது என்று மெதுவாகப் பேசினோம். அந்த வருடம் பாடத்திட்டம் முடியவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பிஸ்கட் தகரத்தை வைத்தேன். மூடியில் ஒரு வெட்டு. பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் போடலாம். கடைசிப் பதினைந்து நிமிடம் தகரத்துக்கு. ஓர் உதவி ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை; விடை தெரியாத கேள்வி வந்தால் பிள்ளைகள் முன் மரியாதை கெட்டுவிடும் என்று பயந்தார். அந்தப் பயத்தில் உண்மை உண்டு. மறையாசிரியைகளுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி வருடத்துக்கு ஓரிரு கருத்தரங்குகள். அதை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கேள்விகளுக்கு முகம்கொடுக்கச் சொல்வது அநியாயம். குருமாணவருக்குப் பல வருடம் தத்துவமும் இறையியலும் படிப்பிக்கும் திருச்சபை, பிள்ளைகளை முதலில் சந்திக்கும் இந்தப் பெண்களுக்கு ஒரு வருடப் பாடநெறியாவது கொடுக்கலாம். பஸ் காசையாவது கொடுக்கலாம்.

தகரத்துக்குள் முதல் மாதம் வந்தவற்றில் பாதி விளையாட்டுக் கேள்விகள். பிறகு மாறியது. நாய் செத்தால் மோட்சத்துக்குப் போகுமா? அம்மம்மா சைவம், அவவுக்காகப் பூசை கேட்கலாமா? சுட்டவனை மன்னிக்கத்தான் வேண்டுமா? ஒரு சீட்டில், அப்பா கட்டாரிலிருந்து நாலு வருடமாக வரவில்லை, அவருக்காகச் செபிப்பதை நிறுத்தினால் பாவமா என்று இருந்தது. எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் திருவுடையைக் கழற்றிவிட்டு வகுப்புக்கு வந்து, சின்னக் கதிரை ஒன்றை இழுத்துப் பிள்ளைகளோடு வட்டத்தில் இருந்தார்.