‘அகிதே’ என்னும் ஏவல்: ஒரு லத்தீன் வினைச்சொல்லும் மனந்திரும்புதலும்

ஆண்டவர் தமது ஊழியத் தொடக்கத்தில் அறிவித்த கட்டளையை (மத். 4:17) வுல்காத்தா என்னும் லத்தீன் திருமறை ‘பேனிதெந்தியாம் அகிதே’ எனப் பெயர்த்துள்ளது. இது ‘பரிகாரம் செய்யுங்கள்’ என்று பொருள்படும் பிழையான பெயர்ப்பு என்றும், ஜெரோமின் இப்பிழையினின்றே இடைக்காலத் திருச்சபையின் தவறுகள் பிறந்தன என்றும், லூத்தர் கிரேக்க மூலத்தைக் கண்டு அதனைத் திருத்தினார் என்றும் மறையுரைகளில் கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. அவ்வினைச்சொல்லின் இலக்கணத்தையே சாட்சியாக அழைத்து இதனை ஆராய்வோம்.

‘அகோ’ என்பது மூன்றாம் வாய்பாட்டைச் சேர்ந்த வினை. அகோ, அகெரே, ஏகி, ஆக்தும் என்பன அதன் நான்கு முதன்மை வடிவங்கள். நிகழ்காலத்தில் அகோ, அகிஸ், அகித் என ஒருமையிலும், அகிமுஸ், அகிதிஸ், அகுந்த் எனப் பன்மையிலும் அது திரியும். ‘அகிதே’ முன்னிலைப் பன்மை ஏவல். நினிவே மக்களைக் குறித்து ‘பேனிதெந்தியாம் ஏகெருந்த்’ என்று மத். 12:41 கூறும். யோபு 42:6இல் ‘அகோ பேனிதெந்தியாம்’ எனத் தன்மை ஒருமையில் இத்தொடர் வருகிறது. சாம்பலில் அமர்ந்த யோபு, குரு ஒருவர் விதித்த பரிகாரத்தை அங்கு நிறைவேற்றவில்லை என்பது வெளிப்படை.

இவ்வினையின் அடிப்படைப் பொருள் ஓட்டுதல், நடத்துதல் என்பதாம். மந்தையை ஓட்டுவதற்கும், வாழ்நாளைக் கழிப்பதற்கும், நன்றி செலுத்துவதற்கும் லத்தீனர் இவ்வினையையே ஆண்டனர். திருவிருந்து வழிபாட்டில் வரும் ‘கிராதியாஸ் அகாமுஸ்’ என்பதை ‘நன்றியைச் செய்வோம்’ என்று எவரும் பெயர்ப்பதில்லை. நாடகத்தை இயற்றுகிற புலவனுக்கு ‘ஃபக்கெரே’ என்னும் வினையும், அதனை நடிக்கிறவனுக்கு ‘அகெரே’ என்னும் வினையும் உரியன என வாரோ என்னும் பண்டை இலக்கண அறிஞர் வேறுபடுத்திக் காட்டினார். இவ்வேறுபாடு வெளி. 2:5இல் தெளிவாக விளங்குகிறது. எபேசு சபை மனந்திரும்ப வேண்டும் என்பதற்கு ‘அகே’ என்றும், ஆதியில் செய்த கிரியைகளைச் செய்ய வேண்டும் என்பதற்கு ‘ஃபக்’ என்றும் ஒரே வசனத்தில் வுல்காத்தா கூறுகிறது. மேலும், மாற். 1:15இல் ‘பேனிதேமினி’ என்னும் தனிவினையே நிற்கிறது. ஆகவே, செயல்களைச் சுமத்துவதே பெயர்ப்பாளரின் நோக்கம் என்பது நிலைபெறாது. இத்தொடரோ ஜெரோமுக்கு முன்னரே பழைய லத்தீன் பெயர்ப்புகளில் வழங்கியது.

எனின், பிழை எங்கே புகுந்தது? வினையிலன்று, பெயர்ச்சொல்லிலேயே புகுந்தது எனலாம். ‘பேனிதெந்தியா’ என்னும் சொல் வருத்தத்தைக் குறிப்பது. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர் இசிதோர் அதனைத் தண்டனை என்று பொருள்படும் சொல்லோடு இணைத்து விளக்கினார். திருச்சபையின் ஒழுங்குமுறைகளும் அச்சொல்லின்மீது தம் பாரத்தை ஏற்றின. கிரேக்கச் சொல் மனமாற்றத்தையே குறிக்கிறது என்பதைத் தெர்த்துல்லியன் முன்னமே அறிந்திருந்தார். லக்தான்சியு அதற்கு ஈடாக ‘உணர்வு தெளிதல்’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லையும் முன்மொழிந்தார். வல்லாவின் திருமறைக் குறிப்புகளை 1505இல் அச்சேற்றிய எராஸ்மஸ், பின்னர் இவ்விவாதத்தைப் புதுப்பித்தார்.

லூத்தரிடம் இரு நிலைகளைக் காண்கிறோம். 1518இல் ஸ்டௌபிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்த லத்தீன் தொடர் உள்ளத்தின் மாற்றத்தினும் செயலையே மிகுதியாக ஒலிக்கிறது என்று குறைகூறினார். ஆனால் 1517இல் வெளியிட்ட முதல் ஆய்வுரையில், அதே லத்தீன் தொடரை எடுத்தாண்டு, விசுவாசிகளின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாய் இருத்தல் வேண்டும் என்று முடிவுகட்டினார். வாழ்நாளை நடத்துதல் என்னும் பொருளுடைய ஒரு வினைக்கு இது பொருந்தாத விளக்கமன்று. பிற்கால லூத்தரின் குறைகூறலை நினைவில் வைத்த நாம், முந்திய லூத்தரின் கண்டுணர்வை மறந்துவிடலாகாது.

லத்தீனின் மெய்யான குறை வேறொன்று. கிரேக்க ஏவலில் தொடர்நிகழ்வு வடிவமும், செயலை முழுமையாகச் சுட்டும் வடிவமும் தனித்தனியே உண்டு. மத். 4:17இல் முன்னதும், அப். 2:38இல் பின்னதும் வருகின்றன. லத்தீனில் இரண்டும் ‘அகிதே’ என்றே ஆயின. நம் ‘மனந்திரும்புங்கள்’ என்னும் ஏவலும் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆதலின், ஒருநாள் நிகழ்ந்து முடிந்த அனுபவமாக மட்டும் மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கும் சோதனை நமக்கும் உண்டு. பரிகாரச் செயல்களாக அதனைச் சுருக்கியவர்களைக் கண்டிக்கும் நாம், ஒரு கணத்து உணர்ச்சியாக அதனைச் சுருக்கினால், நம் கண்டனம் நம்மீதே திரும்பும். ஜெரோமைக் குற்றவாளியாக்குவது எளிது. நாள்தோறும் திரும்புகிற வாழ்வை நடத்துவதும், அதற்குச் சபையை அழைப்பதுமே போதகரின் அரிய கடமை.