மேகத்தாளும் தற்செயல் என்னும் பேச்சும்

நெல்லித்தோப்பிலிருந்து கிழக்கே புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதிக்குச் செல்வோர், அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் தொடங்கிய கைக்காகிதத் தொழிலகத்தின் தாள்களைக் கண்டிருப்பர். சலவைக்கல்லின் வரிகளைப் போன்று வண்ணங்கள் நெளியும் தாள்களும் அவற்றுள் உண்டு. பரிசுப் பொருள்களைச் சுற்றவே பலர் அவற்றை வாங்குகின்றனர், அதில் குறையில்லை. ஆனால், இக்கலையைத் தண்ணீரின் தற்செயல் விளையாட்டு என்று எழுதி முடித்துவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

பாரசீகத்தில் ‘அப்ர்’ என்றால் மேகம். அதிலிருந்து வந்த ‘அப்ரி’யே துருக்கியரிடம் ‘எப்ரு’ ஆயிற்று. யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது துருக்கியரின் எப்ருவையே.

தட்டில் இருப்பது வெறும் நீரன்று. பிசினால் கெட்டியாக்கப்பட்ட நீர். வண்ணத்தில் மாட்டுப் பித்தம் சிறிது சேர்ப்பர். அது பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் வண்ணம் மூழ்காமல் மெல்லிய படலமாக விரிகிறது. அடுத்த துளி முந்தியதோடு கலப்பதில்லை. அதனை ஒதுக்கி வளையமாக்குகிறது. வளையம் மெலிந்தாலும் அதன் பரப்பளவு ஏறத்தாழ மாறுவதில்லை. சீப்பை இழுத்தால் வண்ணம் உடன் செல்லும். சீப்பு நின்றால் அதுவும் நிற்கும். நீரின் கெட்டித்தன்மை சுழிகளை அடக்கிவிடுகிறது. துளிகளின் அளவும் வரிசையும் சீப்பின் வழியும் தெரிந்தால் கோலத்தையே கணித்துவிடலாம்; இன்று கணினியிலும் அவ்வாறு வரைகின்றனர். பித்தம் மிகுந்தால் வண்ணம் கட்டுமீறிப் பரவும்; குறைந்தால் மூழ்கும். அந்த அளவு பழகிய கைக்கே வசப்படும். ஆயாசோபியாப் பள்ளிவாசலின் கதீபாக இருந்து 1773-இல் மறைந்த முஹம்மது எஃபந்தியின் கோலத்துக்கு ‘கதீப் எப்ரு’ என்றே பெயர் நிலைத்தது. தற்செயலுக்கு யாரும் இவ்வாறு ஆசிரியர் பெயரைச் சூட்டுவதில்லை!

உருவம் வரையத் தடை இருந்ததால்தான் முஸ்லிம்கள் இத்தகைய கலைகளில் ஒதுங்கினர் என்பாரும் உளர். அதற்கு மறுப்பைத் தேடி இஸ்தான்புல் வரை போக வேண்டியதில்லை. நம் தக்காணமே போதும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீஜப்பூர்க் கலைஞர்கள், வேண்டாத இடங்களில் வண்ணம் பற்றாதவாறு தாளை மறைத்து, அப்ரியிலேயே உருவங்களைப் படைத்தனர். அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 1625-ஐச் சேர்ந்த மெலிந்த குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும், இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாரசீக மரபில் மெலிந்த குதிரை, நோன்பால் அடக்கப்பட்ட நஃப்ஸின் குறியீடு. கட்டுக்கடங்காமல் ஓட முனையும் வண்ணத்தைக் கொண்டே அந்தக் குதிரையை ஆக்கிய கலைஞன், தான் எடுத்த பொருளையும் கருவியையும் நன்கறிந்தவன் என்றே நாம் கருதுகிறோம்.